பூட்ஸைக் கழுவிட்டு ஏறுங்க!

லீவ் லெட்டரில் ‘கப்பல் பயணம் மேற்கொள்வதால்’ என்று எழுதித் தொலைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

‘‘கப்பலா! ஸ்விம்மிங் பூல், டான்ஸ், சூதாட்டம்... ஜமாய்ங்க தம்பி, ஜமாய்ங்க!’’ என்று கையெழுத்துப் போட்டார் மேனேஜர். ஆபீஸ் வேலையாக எட்டு மாதம் கிளாஸ்கோவில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தவனுக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை. அதனால் கப்பலின் போட்டோவை அவரிடம் காட்டவில்லை.

காட்டியிருந்தால் பரிதாபப்பட்டிருப்பார். ஒரு காலத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த படகு அது. மீன் வைத்த இடத்தில் இப்போது மனிதர்களை அடுக்கியிருந்தார்கள். பயணிகள் மொத்தம் 12 பேர். அதற்கு மேல் ஒரு தலை கூடினாலும் பிரிட்டிஷ் சட்டப்படி அது ‘பயணிகள் கப்பல்’ ஆகிவிடும். சர்டிஃபிகேட், சோதனை என்று ஏகப்பட்ட கெடுபிடி. அதனால் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் தீவு தீவாகச் சுற்றும் பல குட்டிக் கப்பல்களில் ஒரு டஜனோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குக் கிடைத்த படுக்கை நம்ம ரயிலின் சைடு அப்பரைவிட இரண்டு அங்குலம் அகலம். டிக்கெட் விலையை என் மனைவியிடமே இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் எப்படிச் சொல்ல? கூட வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துக்காரர் ஒரு வருஷம் முன்பே புக் செய்து, கடைசி நேரத்தில் முழங்கால் ஆபரேஷன் என்று ஆகி, ‘‘பாதி விலைக்கு எடுத்துக்கறியா?’’ என்று கேட்டதால் கிடைத்த சான்ஸ்.

‘‘எங்கே போற கப்பல்?’’

‘‘செயின்ட் கில்டா.’’

‘‘அங்கே என்ன இருக்கு?’’

‘‘ஒண்ணுமே இல்லை’’ என்றார், சொந்த ஊரைப் பற்றிச் சொல்வது போல் பெருமையாக.

அல்லாபூல் என்ற துறைமுகத்தில் ஜூன் மாதக் குளிரில் பெட்டியோடு நின்றேன். வரவேற்பு ஜூஸ் வரும் என்று எதிர்பார்த்தால், வழிகாட்டிப் பெண் ஒரு பிரஷ்ஷும் வாளித் தண்ணீருமாக வந்தார்.

‘‘பூட்ஸைக் கழுவிட்டு ஏறுங்க, சார்.’’

புது பூட்ஸ் என்றேன். பரவாயில்லை என்றார். அடிப்பக்கம், லேஸ் கோக்கும் துளை எல்லாம் தேய்த்துக் காட்டச் சொன்னார். பேன்ட் மடிப்பில் ஒட்டியிருக்கும் புல் விதையைக்கூட விடவில்லை. பிறகு பையைத் திறந்து துணிமணியை உதறினார். ‘‘எலி ஏதாவது...’’ என்று அவர் முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

முதல் நிறுத்தம் ஒரு தோட்டம். லாக் யூ என்ற கடல் கழிமுகத்தின் ஓரமாக இருக்கும் இன்வர்யூ. அட்சரேகைப்படி மாஸ்கோவுக்கும் வடக்கே! அங்கே யூகலிப்டஸ் மரம் நிற்கிறது சார். இமயமலை ரோடோடென்ட்ரான், நீலநிற இமயத்துப் பாப்பி, நியூஸிலாந்துச் செடி என்று உலகம் பூராவும் கூடி மாநாடு போட்டிருக்கின்றன. அட்லான்டிக்கைக் கடந்து வரும் வெப்ப நீரோட்டம் ஒன்று இந்தக் கரையைத் தடவிக்கொண்டு போவதால், பனி உறைவது குறைவு. ஆனால் நீரோட்டம் மட்டும் தோட்டம் போட்டுவிடுமா?

1862-ல் ஆஸ்குட் மெக்கன்ஸி என்ற இருபது வயதுப் பையனுக்கு அவன் அம்மா வாங்கிக் கொடுத்த நிலம் இது. (எனக்கு இருபது வயதில் அம்மா வாங்கிக் கொடுத்தது ஒரு டிபன் பாக்ஸ்.) அவன் தோட்டத்துக்காகப் பொறுக்கிய பாறை முனையில் அப்போது இடுப்புயர வில்லோ புதர் ஒன்றைத் தவிர மரம் என்று சொல்ல எதுவும் கிடையாது. மண்ணும் கிடையாது; கூடை கூடையாக முதுகில் சுமந்து வந்து கொட்டினார்கள். சுமந்தது ஆஸ்குட் இல்லை, கூலியாட்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காற்றை மறிக்க முதலில் பைன் மரங்களை வரிசை கட்டி நட்டார். அவை வளர்ந்து வேலியாக நின்றால்தான் பூச்செடி. நட்டுவிட்டு வருஷக்கணக்கில் சும்மா காத்திருந்தார் மனுஷன். 1922-ல் அவர் இறக்கும்போது காடு மாதிரி நின்றது. மகள் 1952-ல் ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்தார்.

கடலை ஒட்டி மதில் கட்டிய காய்கறித் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் உப்புக்காற்று, இந்தப் பக்கம் முட்டைக்கோஸ். கப்பலில் மீனைத் தவிர வேறு எதுவும் கிடைக்காதோ என்ற பயத்தில் இருந்த நான் அதன் முன்னால் கொஞ்ச நேரம் பக்தியோடு நின்றேன்.

‘‘இந்த மரங்களை ஞாபகம் வெச்சுக்குங்க. கடைசி நாள் கேப்பேன்’’ என்றார் வழிகாட்டி. சாதாரணமாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

மறுநாள் ஷயன்ட் தீவுகள். கரையிறங்கவில்லை, கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. தண்ணீர் முழுக்க பஃபின்கள். படத்தில் பார்த்திருப்பீர்கள்: கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கல்யாண வீட்டு ஜரிகைத் தலைப்பாகை மாதிரி வர்ணம் அடித்த அலகு. நேரில் பார்த்தால் நம் உள்ளங்கை இரண்டில் அடங்கும். பறக்கும்போது இறக்கையை அடிக்கிற அடியைப் பார்த்தால், ஆபீஸுக்கு லேட்டாகி பஸ்ஸைத் துரத்துகிறவன் ஞாபகம் வருகிறது. மண்ணுக்குள் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை. அங்கேதான் எலி பிரச்னை.

இந்தத் தீவுகளில் எப்போதோ கப்பலிலிருந்து இறங்கிய எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தின. வளைக்குள் இருக்கும் முட்டையும் குஞ்சும் அவற்றுக்கு வீட்டு வாசலில் வைத்த டிபன். 2015-16 குளிர்காலத்தில் ஆட்களை மலையில் கயிறு கட்டி இறக்கி, மூலை முடுக்கெல்லாம் விஷம் வைத்து ஒழித்தார்கள். இரண்டு வருஷம் காவல் காத்து, ஒரு வால்கூடத் தென்படவில்லை என்று உறுதியான பிறகு, 2018-ல்தான் ‘எலி இல்லாத தீவு’ என்று அறிவித்தார்கள். ‘‘கர்ப்பிணி எலி ஒண்ணு போதும் சார். உங்க பையில இருந்து குதிச்சுதுன்னா எல்லாம் போச்சு’’ என்றார் வழிகாட்டி. என் சிரிப்புக்கு இரண்டு நாள் கழித்து வந்த பதில் அது.

அன்று ராத்திரி கேப்டன் சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். மனுஷனுக்கு வார்த்தைக்கு ரேஷன். ‘‘நாளைக்குப் போறோம். போய்ச் சேருவோம். இறங்குவோமான்னு தெரியாது.’’ செயின்ட் கில்டா, வெளி ஹெப்ரைட்ஸ் தீவுகளுக்கும் மேற்கே சுமார் 65 கிலோமீட்டர், நட்டநடு அட்லான்டிக்கில். துறைமுகம் கிடையாது; தென்கிழக்கைப் பார்த்துத் திறந்த ஒரே ஒரு குடா. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் எத்தனை பவுண்டு கட்டியிருந்தாலும் தூரத்திலிருந்து கும்பிடு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எதிரே இருந்த ரிட்டயர்டு டீச்சரம்மாவுக்கு இது மூன்றாவது முயற்சியாம். முந்தைய இரண்டு தடவையும் கும்பிடுதான்.

அடுத்த ஏழு மணி நேரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நான் சைவம் என்பது அன்று எந்த வித்தியாசத்தையும் ஏற்படுத்தவில்லை. அது மட்டும் சொல்கிறேன்.

‘‘மேலே வாங்க’’ என்று யாரோ தோளைத் தட்டினார்கள். போனேன். எதிரே கடலிலிருந்து நட்டுக்குத்தலாக ஒரு பல். ஸ்டாக் லீ, 172 மீட்டர். பக்கத்தில் ஸ்டாக் ஆன் ஆர்மின், 196 மீட்டர். எல்.ஐ.சி. கட்டடத்தின் மேல் இன்னும் மூன்று எல்.ஐ.சி.யை அடுக்கிக் கடலில் நட்ட மாதிரி. உச்சி வெள்ளையாக இருந்தது. பனி என்று நினைத்தேன். பனி எழுந்து பறந்தது.

கேனட் பறவைகள் சார்! இந்தத் தீவுக் கூட்டத்தில் சுமார் 60,000 ஜோடி என்று 2013-ல் எண்ணியிருக்கிறார்கள். இறக்கையை விரித்தால் கிட்டத்தட்ட ஆறடி. முப்பது மீட்டர் உயரத்திலிருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு, கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் வேகத்தில் தலைகீழாகத் தண்ணீருக்குள் பாயும். மூக்கில் தண்ணீர் ஏறாதா? வெளியே தெரிகிற மாதிரி மூக்குத் துளையே கிடையாது. மார்பில் காற்றுப் பை. ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தபடி இருக்க, டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பயத்திலா சந்தோஷத்திலா தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தப் பாறைகளின் மேல் மனிதர்கள் ஏறினார்கள். வெறுங்காலோடு, ராத்திரியில், பறவை பிடிக்க. ஆர்மின் பாறையில் 1727 ஆகஸ்டில் மூன்று ஆண்களையும் எட்டுப் பையன்களையும் படகில் வந்து இறக்கிவிட்டுப் போனார்கள். சில நாளில் திரும்ப வந்து அழைத்துப்போக வேண்டிய படகு வரவில்லை. ஹாரிஸ் தீவில் அம்மை கண்டு இறந்த ஒருவரின் துணிமணி ஊருக்கு வந்திருந்தது, அதோடு அம்மையும். படகு வலிக்க ஊரில் ஆளில்லை. அந்தப் பதினோரு பேரும் குளிர்காலம் முழுக்க அந்தப் பாறையிலேயே கேனட்டையும் மீனையும் தின்று கிடந்து, 1728 மே மாதம்தான் மீட்கப்பட்டார்கள். பதினோரு பேரும் உயிரோடு!

கேப்டன் ரப்பர் படகை இறக்கினார். காற்று நம் பக்கம். மறுபடி பூட்ஸ், மறுபடி வாளி. இந்த முறை நான் யாரும் சொல்லாமலே லேஸ் துளைகளைத் தேய்த்தேன்.

ஹிர்ட்டா என்பதுதான் பெரிய தீவின் பெயர். ‘கில்டா’ என்று ஒரு புனிதர் இருந்ததே இல்லை என்கிறார்கள். ஏதோ பழைய வரைபடக்காரரின் காது கேட்ட கோளாறு. இல்லாத சாமிக்கு ஒரு ஊர்! மெல்பர்னில் ஷேன் வார்ன் ஆடிய செயின்ட் கில்டா கிளப்கூட, சுற்றி வளைத்துப் பார்த்தால் இந்தப் பெயர்தான். ‘லேடி ஆஃப் செயின்ட் கில்டா’ என்ற பாய்மரக் கப்பல் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது.

ஜெட்டியில் நேஷனல் டிரஸ்ட் ரேஞ்சர் வரவேற்று, ‘‘பறவை கிட்ட போகாதீங்க, செத்த பறவையைத் தொடாதீங்க’’ என்றார். ஆளே இல்லாத தீவு என்பது முழு உண்மையில்லை. ஏவுகணைச் சோதனைக்கான ரேடார் நிலையத்து ஆட்கள், ரேஞ்சர்கள், ஆராய்ச்சிக்காரர்கள் உண்டு. சொந்த ஊர் என்று சொல்ல மட்டும் யாரும் இல்லை.

குடாவைப் பார்த்து வளைந்த ஒரே தெரு. கூரையில்லாத வீடுகள். மலை முழுக்க கிளெய்ட் என்ற கல் குதிர்கள், ஆயிரத்துக்கும் மேல். காற்று உள்ளே புகுந்து ஓடும்படி கட்டியவை. அதில்தான் பறவைகளைக் காயவைத்தார்கள். இங்கே பறவைதான் எல்லாம். இறைச்சி சாப்பாட்டுக்கு. ஃபுல்மார் பறவையின் எண்ணெய் விளக்குக்கும் மருந்துக்கும். இறகு ஜமீன்தாருக்கு வாடகை. கேனட்டின் கழுத்துத் தோலில் செருப்பு. 1764-ல் எடுத்த கணக்கெடுப்பில் மக்கள் தொகை 90. ஆளுக்கு ஒரு நாளைக்கு 36 முட்டை, 18 பறவை தின்றதாக எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதினவர் பசியோடு இருந்திருக்க வேண்டும்.

தினம் காலையில் ஆண்கள் எல்லோரும் தெருவில் கூடுவார்கள். ‘பார்லிமென்ட்’ என்று பெயர். தலைவர் கிடையாது, அஜெண்டா கிடையாது. இன்றைக்கு மலை ஏறலாமா, மீனுக்குப் போகலாமா? எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். சில நாள் பேசிப் பேசியே பொழுது போய்விடும், வேலை நடக்காது. திங்கட்கிழமை காலை எங்கள் ஆபீஸ் மீட்டிங்குக்கு நீண்ட பாரம்பரியம் இருக்கும் போலிருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது.

கல்யாணமாகாத வாசகர்களுக்கு ஒரு செய்தி. மலைச்சரிவில் வாசற்படி மாதிரி ஒரு பாறை. கீழே கடல். பெண் கேட்கும் முன்னால் பையன் அதன் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, குனிந்து, முஷ்டியைப் பாதத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று 1697-ல் வந்து பார்த்த மார்ட்டின் மார்ட்டின் என்பவர் எழுதியிருக்கிறார். மார்ட்டினையும் ஏறி நிற்கச் சொன்னார்களாம், மரியாதையாக மறுத்துவிட்டார். முரட்டுச் சடங்கு என்று தோன்றும். யோசித்துப் பார்த்தால், செங்குத்துப் பாறையில் கால் நடுங்குகிறவனுக்குப் பெண் கொடுத்தால் அடுத்த வருஷமே அவள் விதவை. மாப்பிள்ளையின் சம்பள சர்டிஃபிகேட் கேட்பதும் இதுவும் ஒன்றுதான்!

மார்ட்டின் வந்தபோது சுமார் 180 பேர் இருந்தார்கள். பிறகு? ஒவ்வொரு கப்பலாகச் சொன்னார் ரேஞ்சர். ஒரு கப்பல் அம்மை கொண்டுவந்தது. 1852-ல் ஒரு கப்பல் 36 பேரை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றிப்போனது. பலர் வழியிலேயே இறந்தார்கள். பிறந்த குழந்தைகள் ஒரு வாரம் பத்து நாளில் இழுப்பு வந்து சாவது பல பத்தாண்டுகள் நடந்து, சுத்தமான பிரசவ முறை வந்த 1890-களில்தான் நின்றது. நீராவிக் கப்பல்களில் டூரிஸ்ட்டுகள் வந்தார்கள். இவர்களை வேடிக்கை பார்த்து, போட்டோ எடுத்து, முட்டைக்கும் கம்பளித் துணிக்கும் காசு கொடுத்தார்கள். கப்பல் போனதும் ஊர் முழுக்க ஜலதோஷம். அதற்கு ‘படகு இருமல்’ என்றே பெயர். அதுவரை காசு தேவைப்படாத ஊருக்குக் காசு பழகியது. இளைஞர்களுக்கு வெளியூர் பழகியது.

நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். கேமராவை மெதுவாகக் கீழே இறக்கினேன்.

குளிர்காலத்தில் உதவி கேட்க ஒரே வழி ‘மெயில் போட்’. படகு மாதிரி குடைந்த சின்ன மரத்துண்டில் கடிதத்தை வைத்து, மிதப்பதற்கு ஆட்டின் மூத்திரப்பையை ஊதிக் கட்டி, நல்ல காற்றாகப் பார்த்துக் கடலில் விடுவார்கள். ஸ்காட்லாந்திலோ நார்வேயிலோ கரை ஒதுங்கினால் யாராவது எடுத்துத் தபாலில் சேர்ப்பார்கள். நிறையவே போய்ச் சேர்ந்தனவாம். 1930-ன் ஆரம்பத்தில் ஒரு இளம் தாயைக் கப்பலேற்றி கிளாஸ்கோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அந்த மே மாதம், மிஞ்சியிருந்தவர்கள் தாங்களே அரசாங்கத்துக்கு எழுதினார்கள்: எங்களை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

1930 ஆகஸ்ட் 29. ‘ஹேர்பெல்’ என்ற கடற்படைக் கப்பல். 36 பேர். ஆடுகளை முன்னதாகவே ஏற்றியாகிவிட்டது. நாய்களைக் கல் கட்டிக் கடலில் போட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு கைப்பிடி ஓட்ஸ் தானியம் குவித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள் என்பார்கள்.

கூரையில்லாத வீடுகளுக்குள் கணப்படுப்பு இருந்த இடத்தில் சிலேட்டில் எண்ணும் கடைசியாக இருந்தவர் பெயரும் எழுதி வைத்திருக்கிறது. ஒரு வீட்டின் நடுவில் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. கல் இடுக்கிலிருந்து ஒரு குட்டிக் குருவி தன் சைஸுக்குச் சம்பந்தமில்லாத குரலில் பாடியது. இந்தத் தீவில் மட்டுமே இருக்கும் ரென் வகை. வீட்டு எலிபோல ஒரு சுண்டெலி இனமும் இங்கே மட்டும் இருந்தது. மனிதர்கள் போன ஒன்றிரண்டு வருஷத்தில் அதுவும் அழிந்துவிட்டது. வயல் சுண்டெலி தப்பித்தது. யாரை நம்பிப் பிழைப்பது என்பதில் கவனமாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

மேலே சரிவில் ஏறினால் ஸ்குவா பறவை தலையைக் குறி வைத்துப் பாயும் என்று சொல்லி, கையில் குச்சியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். நான் குச்சியோடு வீரமாக நடந்தேன். ஒன்றே ஒன்றுதான் வந்தது. ‘‘முன்னெல்லாம் குச்சியை இறக்கவே முடியாது’’ என்றார் ரேஞ்சர். 2021-லும் 2022-லும் பறவைக் காய்ச்சல். ஸ்குவாக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன, அடுத்து கேனட்டுகள். அந்தக் காய்ச்சலை மனிதர்கள் பூட்ஸில் கொண்டுவந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ரேஞ்சர் என் பூட்ஸை ஒரு தடவை குனிந்து பார்த்தார். எனக்கு அது சரியாகவே பட்டது.

மாலை கிளம்பினோம். டீச்சரம்மா கடைசியாகப் படகேறினார். கப்பலில் யாரும் அதிகம் பேசவில்லை.

திரும்பும் வழி, ஹேர்பெல் போன திசைதான். ஹாரிஸ் ஜலசந்தி, ஸ்கை தீவு, பிறகு மல் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஒடுங்கிய கடல். கடைசி நாள், இடது பக்கம் ஒரு சின்ன ஊர். பின்னால் மலை முழுக்கக் கறுகறுவென்று ஊசியிலை மரங்கள்.

‘‘லாக்ஆலின்’’ என்றார் வழிகாட்டி. ‘‘அவங்கள்ல நிறைய பேரை இங்கேதான் இறக்கினாங்க. அரசாங்கம் வேலையும் குடுத்தது. என்ன வேலைன்னு சொல்லுங்க பார்ப்போம்?’’

மீன்பிடி என்றார் ஒருவர். ஆடு மேய்ப்பது என்றேன் நான்.

‘‘வனத்துறையில. மரம் வளர்க்கிற வேலை.’’

ஹிர்ட்டாவில் ஒரு மரம்கூடக் கிடையாது. அவர்களில் பலர் வாழ்நாளில் மரத்தையே பார்த்ததில்லை. இன்வர்யூ பாறையில் ஒரு பணக்காரப் பையன் மரத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தது ஞாபகம் வந்தது. இருநூறு மீட்டர் பாறையில் வெறுங்காலோடு ஏறினவனின் கையில் ஒரு பைன் நாற்றைக் கொடுத்து, குழி வெட்டு என்றிருப்பார்கள். வெட்டியிருப்பான். எட்டு வயதில் அந்தக் கப்பலில் வந்த பெண் 2016-ல், 93 வயதில் இறந்தார். ஹிர்ட்டாவில் பிறந்தவர்களில் அவர்தான் கடைசி.

டீச்சரம்மா அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘‘நெருக்கமா நட்டிருக்காங்க’’ என்றார்.

ஓபன் துறைமுகத்தில் அடுத்த பயணத்துக்கான பன்னிரண்டு பேர் பெட்டியும் கையுமாகத் தயாராக நின்றார்கள். நாங்கள் இறங்கி முடிப்பதற்குள் வழிகாட்டி வாளியை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். முன்னால் நின்ற இளைஞன் பளபளவென்று புது பூட்ஸ் போட்டிருந்தான். ‘‘இது புதுசுங்க’’ என்று சிரித்தான்.

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்து அவனிடம் நீட்டினேன்.